அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

ஜனவரி 12

தபால் மகாராணியான என் தங்கைக்கு,

நானும் என் முழங்காலும் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாகக் காலம் தள்ளுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி? போனில் கேட்டால் என்ன என்பாய். பம்பு பாக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் சோதனை மேசையில் நின்றதில் காது போய்விட்டது. நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம்தான். தவிர, யாருமே கடிதம் எழுதாவிட்டால் உன் கவுன்ட்டரை இழுத்து மூடிவிடுவார்கள். உன் உத்தியோகத்துக்கு என்னாலான கைங்கரியம் இது.

இதோடு ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே ஒரு மர வளையல். நானே கடைந்தது. சிரிக்காதே. போன ஆகஸ்டில் இங்கே வந்தபோது, நூலகத்துப் பலகையில் கடைசல் மன்றத்தின் நோட்டீசைப் பார்த்து, என்னைக் கேட்காமலே என் பெயருக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டாயே, அதன் பலன். கார் பழுது பார்க்கும் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே சனிக்கிழமை மத்தியானம் லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவிக்கொண்டிருக்கும் பைத்தியங்கள் பத்துப் பேர். என்னோடு பதினொன்று. போகாத சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

மாதக் கடைசியில் அவரவர் செய்ததை ஒரு மேசையில் வைக்க வேண்டும். அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் பாராட்ட வேண்டும். குறை சொல்லாமல் யாரும் "நல்லா இருக்கு" என்று வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் செயலாளர் ஒரு பல் டாக்டர். கிண்ணத்துக்கு உள்ளேகூட அந்தக் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்ப்பார். உன் வளையலை அரை மணி நேரம் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "குறை ஒண்ணும் கிடைக்கல. அதுதான் குறை" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அளவு எங்கே கிடைத்தது என்று யோசிக்காதே. ஆகஸ்டில் கை கழுவும்போது நீ கழற்றி வைத்த வளையலை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டேன். உள்விட்டம் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். கச்சிதமாக இருக்கும். இருக்கிறதா என்று உடனே எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன்

ஜனவரி 27

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதில் புதுத் தடம் கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். உன் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

வளையல் வந்தது. நிஜமாகவே நீயா செய்தாய்? என் பக்கத்து கவுன்ட்டர்க்காரி கையில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மனசில்லாமல் தந்தாள். அந்தக் கோடுகள் எல்லாம் மரத்திலேயே இருப்பவையாமே? நான் நீ வரைந்தாய் என்று நினைத்தேன்.

ஒரு வேடிக்கை. முந்தாநாள் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். கையை ஓங்கி நாலு குத்துக் குத்தியதும் வளையல் கழன்று கவுன்ட்டருக்கு வெளியே உருண்டு போய்விட்டது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் குனிந்து எடுத்து, "இதுக்கும் ஸ்டாம்ப் ஒட்டணுமாம்மா?" என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. வளையல் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். வீட்டில் போட்டுக்கொள்கிறேன். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

வேலை கூடுதலாக இருக்கிறது. சீக்கிரம் அசந்துவிடுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல என்று சொல்லி முடிக்கும்,
தங்கை

பிப்ரவரி 3

தங்கைக்கு,

சுகமா என்று பிறகு கேட்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். தாராளம் என்றால் என்ன தாராளம்? அரை மில்லியா, ஒரு மில்லியா? நான் அளந்து ஒரு சாமான் தாராளம் என்று இதுவரை ஒருத்தன் சொன்னதில்லை. பாக்டரியில் என் முத்திரை விழுந்தால் மேலாளர்கூட மறுபடி அளக்க மாட்டார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் ஒன்றை மாதிரிக்கு எடுத்து வைப்பேன். உன் வளையலையும் ஒரே கட்டையிலிருந்து இரண்டாகத்தான் கடைந்தேன். ஒன்று என்னிடம் இருக்கிறது. நேற்று நாலு பக்கமும் அளந்தேன். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. அப்புறம் உன் கையில் எப்படிக் கழலும்? இடது கையில் போட்டாயா? கையில் எண்ணெய் இருந்ததா? நன்றாக யோசித்துச் சொல்.

அதைத் திருப்பி அனுப்பு. நான் பார்க்க வேண்டும். இந்த விஷயம் தெரிகிற வரைக்கும் எனக்கு லேத்தில் கை ஓடாது.

நீ சுகம்தானே? மாப்பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே போகிறார்?

மானம் கப்பலேறிய நிலையில்,
அண்ணன்

பிப்ரவரி 28

அன்பு அண்ணாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஆபீசில் ஆள் குறைவு. அதற்கு நடுவில் எனக்குக் கொஞ்சம் விடுப்பு. வீட்டு வேலைகள் சேர்ந்து கிடந்தன. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

வளையலை அனுப்பியிருக்கிறேன். உள்ளே கொஞ்சம் சின்னதாக்கிக் கொடு. அவசரம் இல்லை. உன் அளவில் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் பழைய வளையலே தொளதொளவென்று இருந்திருக்கும், நான்தான் கவனிக்காமல் போட்டிருந்தேன்.

மன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடாதே. சனிக்கிழமை சனிக்கிழமை நீ அந்தக் கொட்டகையில் நிற்பாய் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அது நிம்மதி.

தங்கை

மார்ச் 9

தங்கைக்கு,

இங்கே நான் சுகமாக இல்லை. அங்கே நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நேற்று இரண்டு வளையலையும் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். என் மானம் போனாலும் பரவாயில்லை, தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று மேசையில் வைத்தேன். எல்லாருக்கும் கொண்டாட்டம். சில்லு என்று ஒருவர் இருக்கிறார், பேக்கரி வைத்திருக்கிறார். அவர் செய்கிற கிண்ணமெல்லாம் சில்லுச் சில்லாகப் போகும், அதனால் அந்தப் பெயர். அவருக்குத்தான் ரொம்பச் சந்தோஷம். "வாங்க வாங்க, எங்க ஜாதிக்கு வந்துட்டீங்க" என்று என் முதுகில் தட்டினார்.

பல் டாக்டர் இரண்டையும் அளந்தார். இரண்டும் அறுபத்திரண்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சொன்னார்: "சார், மரம் காஞ்சா சுருங்கும். ஈரம் பட்டா ஒரு பேப்பர் கனம் உப்பும். இங்க ரெண்டுமே நடக்கல. வளையல் மேல தப்பு இல்ல."

சில்லுவுக்கு வாய்க்குப் பூட்டே கிடையாது. "அப்ப கைதான் சுருங்கியிருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சில்லுவே நாக்கைக் கடித்துக்கொண்டு, கொட்டகையை ஒரு நாளும் பெருக்காத ஆள், துடைப்பத்தை எடுத்து மரச்சுருளைப் பெருக்க ஆரம்பித்தார்.

நீ கேட்டபடி இதைச் சின்னதாக்க முடியாது. லேத் மரத்தை எடுக்கும், ஒட்ட வைக்காது. உள்ளே கடைந்தால் வளையல் இன்னும் பெரிதாகத்தான் ஆகும்.

இன்னொன்று. நீ அனுப்பிய பார்சலின் மேல் உன் ஆபீஸ் முத்திரை இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு வரும் கடிதத்துக்கு வேறு யாரையும் நீ முத்திரை குத்த விட்டதில்லை. அது எந்த ஊர் முத்திரை? அங்கே பெரிய ஆஸ்பத்திரிதானே இருக்கிறது?

உன் எடை எத்தனை கிலோ? எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது.

அண்ணன்

மார்ச் 24

தங்கைக்கு,

பதினைந்து நாளாகிறது. தபால் இலாகா ஸ்ட்ரைக் என்று எங்காவது போட்டிருக்கிறதா எனப் பேப்பரில் தேடினேன். இல்லை.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "தூங்குறா" என்று சொன்னது மட்டும் கேட்டது. பிறகு என்னவோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் விளங்கவில்லை. மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. சரி சரி என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு என்னை நானே திட்டிக்கொண்டேன். நாலு மணிக்கு நீ எந்தக் காலத்தில் தூங்கியிருக்கிறாய்?

சனிக்கிழமை லேத்தில் உளி மாட்டிக்கொண்டது. கிண்ணம் பிய்த்துக்கொண்டு கூரைத் தகரத்தில் போய் மோதியது. முகக் கவசம் போட்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. என் புத்தி வேலையில் இல்லை.

உன் அண்ணி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் படுக்கையில் விழுந்தாள். நீயும் அதையே எழுதாதே. இரண்டு ரயில் மாறி வர எனக்குத் தெரியும். வரட்டுமா?

அண்ணன்

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் கத்திச் சொன்னால் அவள் எழுந்துவிடுவாள் என்று அன்றைக்கு மெதுவாகப் பேசினேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

அவளுக்கு வயிற்றில் கட்டி. பிப்ரவரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. எடுத்துவிட்டார்கள். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். இரண்டு சுற்று முடிந்துவிட்டது, இன்னும் நாலு பாக்கி. சாப்பாடு வாயில் வைத்தாலே குமட்டுகிறது. அறுபத்தாறு கிலோ இருந்தவள் இப்போது நாற்பத்தேழு. எடை இறங்குவது நின்று கொஞ்சமாவது ஏறினால்தான் அடுத்த சுற்று என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தி வைத்தால் மறுபடி வளர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பஸ் ஓட்டும்போதுகூட அதே நினைப்பு.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அண்ணி போனப்புறம் அண்ணா ரெண்டு வருஷம் வீட்ல லைட்டே போடல. இப்பத்தான் நாலு பேரோட நிக்கிறாரு. நான் அதைக் கெடுக்க மாட்டேன்" என்கிறாள். உங்கள் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எடை எத்தனை என்று கேட்டீர்களே, அதைப் படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிருமி தொற்றும் என்று வெளி ஆட்களைப் பார்க்க விடுவதில்லை. அதனால் இப்போது வர வேண்டாம். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வணக்கத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 13

என் தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளை எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அவரைப் பிடித்து உலுக்காதே. வளையல்தான் சொன்னது.

பெட்டியில் இரண்டு வளையல் இருக்கும். பெரியது உன்னுடைய பழைய அறுபத்திரண்டு. சின்னது புதிது, ஐம்பத்தெட்டு. அதைக் கடையும்போது இரண்டு உடைந்துவிட்டது. மூன்றாவதற்குச் சில்லு தான் பொத்திப் பொத்தி வைத்திருந்த கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றார், வாயைத் திறக்கவில்லை. அது எங்கள் மன்றச் சரித்திரத்தில் முதல் தடவை.

பாக்டரியில் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு அளவுக் கட்டை வைத்திருப்போம். ஒன்று உள்ளே போக வேண்டும். இன்னொன்று போகக் கூடாது. போக வேண்டியது போய், போகக் கூடாதது வெளியே நின்றால்தான் சாமான் வாசலைத் தாண்டும். உனக்கும் அப்படித்தான். சின்னது இன்றைக்கு உன் கையில் ஏறிவிடும். ஏறட்டும், அழாதே. வாரம் ஒரு தடவை போட்டுப் பார். என்றைக்கு அது விரல் முட்டில் நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்கிறதோ, அன்றைக்குப் பெரியதை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எழுது.

அதுவரைக்கும் ஒரு கரண்டி கஞ்சி குடித்தாலும் எழுது. அரைக் கரண்டி என்றாலும் எழுது. நான் சனிக்கிழமை தவறாமல் கொட்டகைக்குப் போவேன். நீ சாப்பிட வேண்டும். இதுதான் நம் இருவருக்கும் ஒப்பந்தம்.

அண்ணன்

மே 7

அண்ணா,

மாப்பிள்ளை ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ எழுதினாய் பார், அப்போதே தெரிந்துவிட்டது அவர்தான் எழுதினார் என்று. உனக்குச் சின்ன வயசிலிருந்தே பொய் சொல்ல வராது. அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பும் இல்லை.

சின்னது வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. இரண்டு விரல் விடுகிற மாதிரி இடமும் இருக்கிறது. பெரியது முழங்கை வரைக்கும் போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது. நீ அழாதே என்று எழுதியிருந்ததால் அழவில்லை. அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

மூன்றாவது சுற்றைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இந்த வாரம் நாற்பத்தாறரை. உன்னிடம் மறைத்தது தப்புதான். நீ வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில், அன்றைக்கு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தால், எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று தோன்றிவிடும். அதனால்தான் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது அண்ணா. இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று: கஞ்சி ஆறு கரண்டி. அதில் இரண்டு வெளியே வந்துவிட்டது. கணக்கில் நாலு என்று வைத்துக்கொள்.

தங்கை

மே 15

தங்கைக்கு,

நாலு கரண்டி கிடைத்தது. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் உள்ளே போய்விடுகிறேன், தெரியாவிட்டால் வாசலிலேயே நிற்கிறேன். இதை எழுதிவிட்டதால் கொஞ்சம் லேசாக இருக்கிறது. நீயும் எழுதியது நல்லது.

ஒப்பந்தப்படி போன சனிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். சில்லு செய்த கிண்ணம் ஒன்று உடையாமல் முழுசாக வந்துவிட்டது. யாருக்கும் என்ன குறை சொல்வதென்று தெரியவில்லை. பல் டாக்டர்தான் சமாளித்து, "உடையல, அதனால இது உங்களுது மாதிரி இல்ல" என்றார். சில்லு அதை உனக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். கஞ்சி குடிக்கவாம். தன் பேக்கரி ரொட்டியையும் அனுப்பப் பார்த்தார், நான்தான் தடுத்தேன்.

பல் டாக்டர் வாரா வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "சின்னது இன்னும் ஏறுதா சார்?" ஏறுகிறது என்று தலையாட்டுகிறேன். அவர் உளி தீட்டப் போய்விடுகிறார்.

கரண்டிக் கணக்குக்காகக் காத்திருக்கும்,
அண்ணன்

ஜூன் 22

தங்கைக்கு,

கிண்ணம் வந்து சேர்ந்ததா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்யக் கை போகிறது. மாப்பிள்ளை சொல்வதைச் சரியாகக் கேட்காமல், நானாக எதையாவது கேட்டுக்கொண்டுவிடுவேனோ என்று பயந்து வைத்துவிடுகிறேன்.

வெறும் காகிதத்தை மடித்து அனுப்பினாலும் போதும். விலாசம் உன் கையெழுத்தில் இருக்கட்டும்.

அண்ணன்

ஜூலை 5

அன்பு அண்ணாவுக்கு,

முதலில் கவரைத் திருப்பிப் பார். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கும். அது என் ஆபீஸ் முத்திரை, குத்தியது நான். இன்னும் வேலையில் சேரவில்லை. இந்த ஒரு கவருக்காக உன் மாப்பிள்ளை என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். பக்கத்து கவுன்ட்டர்க்காரி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

உன் கடிதம் வந்தபோது எழுதியிருக்கலாம். அப்போது ஜுரம், திரும்ப ஆஸ்பத்திரி. எழுதினால் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நாக்குக்கு ருசி திரும்பியது. சில்லு கிண்ணத்தில் காலையும் மாலையும் கஞ்சி. அது கொஞ்சம் ஆடுகிறது, ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி. அவரிடம் சொல்லாதே. நேற்று ஆஸ்பத்திரித் தராசில் ஐம்பத்தொன்று. வரும் திங்கட்கிழமை மூன்றாவது சுற்று. அதற்கு மேல் என்ன என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ வரலாமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. சனிக்கிழமை உனக்கு வேலை இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை இந்தக் கடிதத்தை உங்கள் மேசையில் வைத்துப் படித்துக் காட்டு. நீங்கள் முதலில் குறையைத்தானே சொல்வீர்கள்? உன் வேலையில் யாருக்கும் கிடைக்காத குறை எனக்குக் கிடைத்துவிட்டது. அந்தச் சின்ன வளையல் என் கைக்கு ஏறவில்லை. இன்று காலை சோப்புப் போட்டும் பார்த்துவிட்டேன், ஏறவில்லை.

தங்கை